கோதவர்மன் வழக்கைப் படிக்கிற மாணவர்கள் கூடலூருக்கு வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் சட்டப் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. சுற்றுச்சூழல் சட்டம் படித்தவர்களுக்கு எங்கெங்கே வேலை, எவ்வளவு சம்பளம் என்று விவரமாக எழுதியிருந்தார்கள். நல்லதுதான், பிள்ளைகள் பிழைக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தின் பெரிய வழக்குகளில் ஒன்றான கோதவர்மன் வழக்கு எங்கள் கூடலூர் மலையில் பிறந்தது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்ல உட்கார்ந்தேன், கடிதம் நீண்டுவிட்டது. பொறுமையாகப் படித்து, முடிந்தால் முழுவதையும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற நில அளவர். 34 ஆண்டுகள் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து மலைகளில் சங்கிலி இழுத்தவன். அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1971-ல், எனக்கு ஒன்பது வயதில், ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வந்து சேர்ந்தோம். இந்த மண்ணை அளந்தவனாகவும் எனக்கு இதைத் தெரியும், இதில் ஒண்ட இடம் தேடி வந்தவனாகவும் தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாதம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு முடித்த மாணவர்கள் இருவர் யாரோ சொல்லி என் வீட்டைத் தேடி வந்தார்கள். பையன் தஞ்சாவூர்ப் பக்கம், பெண் சென்னை. கையில் உச்ச நீதிமன்றத்தின் 1996 டிசம்பர் 12 உத்தரவின் நகல் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார்கள். தேநீர் குடித்து முடித்ததும் பையன் கேட்டான்: "ஐயா, கோதவர்மன் வழக்கில் வருகிற காடு எது? அதைப் பார்க்க முடியுமா?"

34 ஆண்டுகளில் இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அதிகாரிகள் கேட்டதில்லை, வழக்கறிஞர்கள் கேட்டதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

வாசகர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். கூடலூர்ப் பக்கம் ஏறத்தாழ 80,000 ஏக்கர் நிலம் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மமாக, அதாவது பரம்பரை உடைமையாக, இருந்தது. அதை, நிலம் வைத்திருப்பவர் அரசுக்கு நேரே வரி கட்டுகிற ரயத்துவாரியாக மாற்ற 1969-ல் தமிழக அரசு ஜன்மம் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. ஜன்ம நிலத்தின் காட்டை அரசு எடுத்துக்கொள்வது விவசாயச் சீர்திருத்தம் ஆகாது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை அடித்துவிட்டது. 1974-ல் அரசியல் சட்டத்தின் 34-வது திருத்தம் அந்தச் சட்டத்தை, நீதிமன்றம் ரத்து செய்யாமல் காக்கிற ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அட்டவணைக்குள் போய்விட்டால் நீதிமன்றம் தொடவே கூடாதா என்ற கேள்வி அதிலிருந்துதான் வளர்ந்தது. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்போடு, அதாவது திருத்தத்தாலும் மாற்றக் கூடாத அடிப்படைகளோடு, ஒப்பிட்டுச் சோதிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கொய்லோ வழக்கு என்று நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் உருப்போடுவது அதைத்தான்.

இதற்கு நடுவில், அதே நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, தன் முன்னோர் வைத்திருந்த காட்டில் மரம் வெட்டப்படுவது பொறுக்காமல் 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அந்த மனுவின் எண் 202. அதில்தான், காடு என்றால் அகராதி சொல்கிற பொருளில் எது காடோ அதுவும் காடுதான், நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் சரி, என்ற உத்தரவு வந்தது. ஒரு தாலுகாவின் மரவெட்டுப் பிரச்சினை நாடு முழுவதற்கும் காட்டுச் சட்டமானது. 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அது காட்டின் பொருளைச் சுருக்குகிறது என்று எதிர்த்த வழக்கில், அந்த அகராதிப் பொருளையே இப்போதைக்கு மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரி 19-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோதவர்மன் 2016-ல் காலமாகிவிட்டார். அவர் மூட்டிய வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அந்தப் பிள்ளைகள் கொண்டுவந்த நகலைப் புரட்டிப் பார்த்தேன். அகராதிப் பொருள் வருகிற பத்தி முழுக்க மஞ்சள். அதே உத்தரவில் தமிழ்நாட்டுக்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. தேயிலை, காப்பி, ஏலக்காய்த் தோட்டங்களில் நிழல் மரம் வெட்டினால் நட்டு வளர்த்ததை மட்டும்தான் வெட்டலாம், தானாக முளைத்ததைத் தொடக்கூடாது, தோட்டத்தைக் காட்டுக்குள் விரிவாக்கக் கூடாது என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. ஜன்ம நிலத்தில் வெட்டிய மரத்தைப் பற்றியும் அதில் வருகிறது. அந்தப் பகுதியில் ஒரு கோடுகூட இல்லை. "தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள் ஐயா" என்றாள் அந்தப் பெண். உண்மையைச் சொன்னாள். எங்கள் ஊருக்கென்று எழுதப்பட்ட வரிகள்தான் தேர்வுக்கு வேண்டாத வரிகள்.

மறுநாள் காலையில் இருவரையும் பக்கத்து ஊராட்சி ஒன்றில் ஓர் ஓடைக்கு அழைத்துப் போனேன். கோடை மழை பெய்திருந்ததால் அட்டைக்காக ஆளுக்கொரு உப்புப் பொட்டலம் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் வயல் என்றால் நெல் வயல் மட்டும் இல்லை, இரண்டு மேட்டுக்கு நடுவே ஆண்டு முழுவதும் ஈரம் நிற்கிற சதுப்பையும் வயல் என்போம். அப்படி ஒரு வயலின் ஓரமாக அந்த ஓடை இறங்குகிறது. மேலே ஒரு கட்டடத்துக்காகச் சரிவை வெட்டியிருந்தார்கள். வெட்டிய மண் அத்தனையும் ஓடைக்குள் தள்ளப்பட்டிருந்தது. நீலகிரியில் பொக்லைன் இறக்குவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என்னிடம் அந்தப் புல எண்ணின் புலப்படம், அதாவது நில அளவை வரைபடம், இருந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓடைப் புறம்போக்கு, அதாவது ஓடைக்கென்று விட்ட அரசு நிலம், அகலம் 5.2 மீட்டர். முதலில் எல்லைக்கல்லைத் தேடினோம். பாசியும் இலைச் சருகும் மூடிக் கிடந்த கல்லை அந்தப் பெண் கண்டுபிடித்து, குந்தி உட்கார்ந்து வீட்டுச் சாவியால் சுரண்டினாள். கல்லின் தலையில் வெட்டிய குறி வெளுப்பாகத் தெரிந்ததும், "கிடைத்துவிட்டது!" என்று குழந்தையைப்போலக் கத்தினாள். அங்கிருந்து டேப்பைப் பிடித்து ஓடையை அளந்தோம். தண்ணீர் ஓடுகிற இடம் 1.8 மீட்டர். பையன் நம்பாமல் மூன்று இடங்களில் அளந்தான். மூன்றிலும் இரண்டு மீட்டரைத் தாண்டவில்லை. அவன் நோட்டுப் புத்தகத்தில் 5.2 என்றும் 1.8 என்றும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றான்.

அப்போது கீழே கீரை பறித்துக்கொண்டிருந்த பணியர் பழங்குடிப் பாட்டி ஒருவர் மேலேறி வந்தார். என்ன அளக்கிறீர்கள் என்று விசாரித்தார். பிறகு கையால் காட்டினார்: அந்தப் பாறை வரைக்கும் தண்ணீர் நிற்கும், அதன் அடியில் கைவிட்டால் நண்டு வரும், போன மழைக்குப் பிறகு கைவிட்டால் மண்தான் வருகிறது. அந்தப் பாறையிலிருந்து ஓடை இப்போது நாலு எட்டுத் தள்ளி இருந்தது.

இதை எழுதிக்கொள்ளலாமா, இதெல்லாம் சான்று ஆகுமா என்று நான் கேட்டேன். அந்தப் பெண் பையிலிருந்து ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்தாள். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 13-வது விதியைக் காட்டினாள். உரிமை கோருபவர் அல்லாத முதியவர்கள் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலமும் சான்று என்று அதில் இருக்கிறது. வன உரிமைக் கோரிக்கைக்கான விதி அது, இந்த ஓடை விவகாரத்துக்கு நேரே பொருந்தாது என்றும் அவளே சொன்னாள். ஆனாலும் எனக்கு அது பெரிய செய்தி. நான் பணியில் இருந்த காலத்தில் கல், சங்கிலி, பதிவேடு இவைதான் சான்று என்று பழகியவன். அந்தப் பாட்டியின் வாயிலிருந்து வருவதைச் சட்டமே காதுகொடுத்துக் கேட்கிறது என்பதை இருபது வயதுப் பெண் ஒருத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு நான் கல்லைக் காட்டினேன், அவள் எனக்கு விதியைக் காட்டினாள். படிப்பு என்றால் இதுதானே?

அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினோம். எழுதத் தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஓடைப் புறம்போக்கு, எல்லைக்கல், உட்பிரிவு, அ-பதிவேடு என்று நான் சொல்லச் சொல்ல, அவர்களுக்கு அவை புதுச் சொற்களாக இருந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில். பக்கத்து லயத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினோம். கேட்டது இரண்டே கேள்வி: புலப்படத்தின்படி ஓடையின் அகலம் எவ்வளவு? சரிவை வெட்டிய அனுமதியின் நகல் எங்கே?

சட்ட மாணவி தன் பெயரில் கையொப்பமிட்டு, தன் விடுதி முகவரியைக் கொடுத்தாள். அங்கேதான் தவறு நேர்ந்தது. இரண்டு வாரம் முடிந்து அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அலுவலகத்திலிருந்து பதில் விடுதிக்குப் போனது. அப்போது விடுமுறை. கடிதம் வாசல் மேசையில் கிடந்தது. அவள் கையில் கிடைத்தபோது ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே ஒரே வரி: இந்தத் தகவல் இந்த அலுவலகத்தில் இல்லை. இல்லையென்றால் எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே ஐந்து நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. அதை அந்தப் பெண் அறிவாள். ஆனால் மேல்முறையீட்டுக்கு உள்ள 30 நாளும் போய்விட்டது என்று பயந்து, வகுப்பும் தொடங்கிவிட, விட்டுவிட்டாள். எனக்குப் போன் செய்து அழுதாள்.

பிறகு நானே, என் பெயரில், என் முகவரியில் இன்னொரு மனு போட்டேன். அதற்கும் மழுப்பல் பதில். மேல்முறையீடு செய்தேன். கடைசியில் வந்த பதிலில் அகலம் 5.2 மீட்டர் என்று எழுத்தில் வந்தது. அனுமதி கொடுத்ததற்கான கோப்பு எதுவும் இல்லை என்றும் வந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வழக்கு. ஆனால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். எங்கள் கணக்கில் அந்த நாள் எல்லாம் கடந்திருந்தது. மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம், உயர் நீதிமன்றம் இருக்கிறது, வழி அடைபட்டுப்போகவில்லை. ஆனாலும் ஏழை எளியவர்கள் ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் தட்டக்கூடிய ஒரு கதவு, ஒரு விடுமுறையில், ஒரு விடுதி மேசையில் மூடிப்போனது.

சட்டக் கல்லூரி ஆசிரியர்கள் இதைப் படித்தால், அவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். தீர்ப்பாயம் கொடுக்கிற காலம் ஆறு மாதம், உங்கள் ஒரு பருவமும் ஏறக்குறைய ஆறு மாதம். ஒரு வகுப்பு ஓர் ஓடையை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு புல எண் போதும். இந்தப் பருவத்தில் அளக்கிறவர்கள் அடுத்த பருவத்து மாணவர்கள் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். மனுவைத் தன் பெயரில் போடாமல் உள்ளூர்க்காரர் பெயரில், உள்ளூர் முகவரியில் போடட்டும். ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் களப்பயிற்சி கட்டாயம் என்பது பார் கவுன்சிலின் 2008 விதி. எங்கெங்கே பயிற்சி பெறலாம் என்ற பட்டியலில் உள்ளாட்சி அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் பெரிய வழக்கறிஞர் அலுவலகங்களில்தான் வரிசையில் நிற்கிறார்கள். மலை ஊராட்சிக்கு ஒருவரும் வருவதில்லை. 20 வாரத்தில் நான்கு வாரம் இங்கே கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வந்தால் காட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தில் தோட்டக் குத்தகையைப் பற்றிய 17-வது பிரிவில் சிக்கிய நிலத்தில் இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டா இல்லாமல் இருக்கின்றன. என்னோடு கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் மின் இணைப்புக் கேட்டு நடையாய் நடக்கிறார்கள். நிலம் காடா, தோட்டமா, வீட்டுமனையா என்பது தீராததால் எதுவும் கிடைப்பதில்லை. யானைப் பாதையைப் பற்றி அருமையாகப் பேசுகிற மாணவர்கள் இந்த வீடுகளுக்குள்ளும் ஒரு முறை உட்கார்ந்து எழ வேண்டும். யானையும் வேண்டும், அந்த வீட்டு விளக்கும் வேண்டும். இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதற்குத்தான் சட்டம் படித்தவர்கள் எங்களுக்குத் தேவை. 2024 ஜூலை 30 அன்று எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை இறங்கி ஊரையே கொண்டுபோனதைப் பார்த்த பிறகு, சரிவில் வெட்டுகிற ஒவ்வொரு மண்ணும் எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

மொழி விஷயத்தையும் சொல்லாமல் முடியாது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது, அது எங்களுக்குப் புரியாத மொழியில்தான் வந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று ஜூன் 30-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மாணவர்கள் எத்தனையோ பேர் ஆட்சேபம் எழுதினார்கள், அதை நான் மறக்கவில்லை. அதே மாணவர்கள் ஒரு விதியை, ஓர் உத்தரவை, இரண்டு பக்கத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் ஒட்டினால் போதும், கிராம சபையில் கேள்வி தானாக எழும். உங்கள் நாளிதழும் மாதம் ஒரு முறை அப்படி ஓர் உத்தரவைத் தெளிந்த தமிழில் வெளியிடலாம். கோதவர்மன் உத்தரவின் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.

அன்று மனு எழுதிக் கொடுத்த லயத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள். அரசு சட்டக் கல்லூரி என்றால் மலையிறங்கிக் கோவைக்குத்தான் போக வேண்டும். விடுதி, பஸ், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அவள் அம்மா பறிக்கிற கொழுந்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மலையில் பிறந்த பிள்ளைகளுக்குச் சட்டப் படிப்பில் கைகொடுக்க அரசு ஏதாவது செய்ய வேண்டும். ஓடைப் புறம்போக்கு என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நோட்டுப் புத்தகம் என் பீரோவில் இருக்கிறது. புலப்படத்தின் நகலும், அலுவலகப் பதில்களும், பாட்டி சொன்னதை எழுதிய தாளும் அதில் வைத்திருக்கிறேன். வருகிற நவம்பர் 1 கிராம சபையில் அந்த ஓடையைப் பற்றித் தீர்மானம் கொண்டுவரச் சில பெண்கள் சம்மதித்திருக்கிறார்கள். தீர்மானத்தை எழுதிக் கொடுக்கச் சட்ட மாணவர் யாராவது வர முடியுமானால், அதற்கு முந்தைய வாரமே வந்துவிடுங்கள். மழை விட்டிருந்தால் ஓடையை மறுபடியும் அளக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
தேவாலா, நீலகிரி மாவட்டம்